சராசரி, இடைநிலை கொடுத்து அதிகபட்சம் / குறைந்தபட்சம் கேட்டால் விடை தப்புகிறது

எண்புதிர்:
வெவ்வேறான 7 மிகை முழு எண்கள். சராசரி 20, இடைநிலை அளவு 18. அவற்றில் மிகப் பெரிய எண் (அ) அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம், (ஆ) குறைந்தபட்சம் எவ்வளவு?

மொத்தம் 140. மற்ற ஆறும் சின்னதாக இருக்கணும்னு (அ)வுக்கு 1, 2, 3, 4, 5, 18 எடுத்தேன்; 140 − 33 = 107 வந்தது. விடைக்குறிப்பில் 77. (ஆ)வுக்கு எனக்கு 25, அங்கே 26. எங்கே கோட்டை விடுகிறேன்?

கட்டம்போடு:
உங்கள் எண்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள்: 1, 2, 3, 4, 5, 18, 107. நடுவில் நிற்பது 4. இடைநிலை 18 என்ற நிபந்தனை அங்கேயே அடிபட்டுப் போச்சு.

முதலில் 7 கட்டம் வரைந்து நான்காவதில் 18 எழுதிவிடுங்கள். இடப்பக்கம் மூன்று கட்டம், மிகச் சிறியவை: 1, 2, 3. வலப்பக்கம் 18-ஐவிடப் பெரியவைதான் வரலாம், அதில் சிறியவை 19, 20. ஆறும் சேர்ந்து 63. 140 − 63 = 77.

"வெவ்வேறான" என்ற சொல் இல்லாமல் இருந்தால் 1, 1, 1, 18, 18, 18 என்று வைக்கலாம், விடை 83 ஆகிவிடும். அந்த ஒரு சொல்லுக்கு அடிக்கோடு போடாமல் கணக்கைத் தொடாதீர்கள். 83-ஐயும் விருப்பத்தேர்வுகளில் ஒன்றாக வைத்திருப்பார்கள்.

(ஆ)வில் எல்லாம் தலைகீழ். பெரிய எண் சிறுக்கணும்னா மற்றவை பெரிதாகணும். இடப்பக்கம் 15, 16, 17, நடுவில் 18, ஆக 66. மீதி 74-ஐ வலப்பக்க மூன்று கட்டங்கள் சுமக்கணும்.

எண்புதிர்:
அதுவரை எனக்கும் வந்தது. 74 ÷ 3 = 24.67, அதனால் 25 என்று எழுதினேன்.

மீதிவகுத்தி:
சறுக்கல் அங்கேதான். மேல்நோக்கி முழுமையாக்கினது சரி, ஆனால் அது எண்கள் சமமாக இருக்கலாம் என்றால் மட்டும் போதும். பெரியது 25 என்றால் அந்த மூன்றும் சேர்ந்து அதிகபட்சம் 23 + 24 + 25 = 72. இரண்டு குறைகிறது. 26 என்றால் 24 + 25 + 26 = 75 வரை போகும்; ஒன்று அதிகம், 24-ஐ 23 ஆக்கினால் 74. பெரிய எண்ணைக் கூட்டிக்கொண்டே போய், "இதை வைத்து 74 எட்டுமா?" என்று கேட்பதுதான் நம்பகமான வழி. வகுத்தல் எங்கே தொடங்கணும்னு மட்டும் காட்டும்.

கட்டம்போடு:
ஆமா. கடைசியில் 15, 16, 17, 18, 23, 25, 26 என்று ஒருதடவை கூட்டிப் பார்த்துவிடுங்கள், 140 வருகிறது. எல்லை மதிப்பைச் சொன்னால் மட்டும் போதாது, அதைத் தரும் எண்கள் நிஜமாகவே அமையணும்.

எண்புதிர்:
புரிந்தது, நன்றி. இதே வகையில் இன்னொன்று: 100 பேரில் 70 பேர் முதல் தாளிலும், 75 பேர் இரண்டாவதிலும், 80 பேர் மூன்றாவதிலும் தேர்ச்சி. மூன்றிலும் தேர்ச்சி பெற்றவர்கள் குறைந்தபட்சம் எத்தனை பேர்?

மீதிவகுத்தி:
தேறியவர்களை விடுங்க, தவறியவர்களை எண்ணுங்க. 30, 25, 20. ஒருவரே இரண்டு தாளில் தவறாமல் முடிந்தவரை பரப்பினால் 75 பேர் ஏதோ ஒன்றில் தவறியவர்கள். மிச்சம் 25. அதிகபட்சம் கேட்டால் 70, மூன்றில் சிறியது. தவறியவர்கள் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டினால் குறைந்தபட்சம் 0. கழித்து எதிர்ம எண் எழுதிவிடாதீங்க.

பைக்குள்பந்து:
"உறுதியாக" என்ற சொல் வந்தால் அது தனி ரகம். பையில் 10 சிவப்பு, 8 நீலம், 6 பச்சைப் பந்துகள். பார்க்காமல் எடுத்தால் 3 நீலம் உறுதியாகக் கிடைக்க குறைந்தபட்சம் எத்தனை எடுக்கணும்? 3 என்பது அதிர்ஷ்டம் இருந்தால். வேண்டாத சிவப்பு, பச்சை 16 பந்துகளும் முதலில் வந்துவிட்டதாக வைத்து 16 + 3 = 19. "ஒரே நிறத்தில் 3" என்றால் நிறத்துக்கு இரண்டாக 6 எடுத்தும் அமையாமல் போகலாம், ஏழாவதில் அமைந்தே தீரும்.