எட்டும் ஹைட்ராக்சிலா, நீர்தோய் ஹைட்ராக்சிலா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
அன்புடையீர், பின்லாந்தின் தெர்மோவுட் என்னும், சூடேற்றிப் பதப்படுத்திய மரம் பற்றிய பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஊசியிலை மரத்தை நீராவிச் சூழலில் 212 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். மரத்தின் கூறுகளுள் ஹெமிசெல்லுலோஸ் என்னும் சர்க்கரைத் தொடர் முதலில் சிதைகிறது. பிறகு உலர்ந்த மரத்தைக் கனநீர் ஆவியில் வைத்தால், ஆவி சென்று சேரும் ஹைட்ராக்சில்களில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த OH தொகுதிகளில்) மட்டும் ஹைட்ரஜன் விலகி, கனநீரில் உள்ள அதன் கனமான ஐசோடோப்பான டியூட்டிரியம் அமர்கிறது. மோலுக்கு 1.006 கிராம் எடை கூடுவதால், மீண்டும் உலர்த்தி எடை பார்த்தே எண்ணிக்கையைக் கணக்கிடலாம். அந்த ஹைட்ராக்சில்களுக்கு என்ன பெயர்? ‘அணுகத்தக்க’ என்பது நாவில் நிற்கவில்லை.

தமிழாசிரியர், மதுரை:
‘நீர்தோய் ஹைட்ராக்சில்’ என்க. வான்தோய் மலை, விண்தோய் மாடம் என்னுமிடத்தில் தோய்தல் நனைதலன்று, சென்று தொடுதல். முக்காலமும் அடங்கிய வினைத்தொகை. தொடு, தொடர், தோழன், தோய் யாவும் ஒரே வேரின் கிளைகள் என்பது என் துணிபு. தயிர் தோய்ப்பதும் அவ்வழியே. சூடேற்றிய மரத்தைச் சுடுமண் போலச் ‘சுடுமரம்’ எனலாம்.

வேதியியல் ஆசிரியை, கோவை:
ஐயா, சுடுமரம் என்றால் எரிந்த மரம் என்றே மாணவர் கொள்வர். ‘நீர்தோய்’ இன்னும் ஆபத்தானது. சூடாக்கிய மரம் ஏற்கும் ஈரமும் குறைகிறது, இந்த ஹைட்ராக்சில்களும் குறைகின்றன. ஆனால் இரண்டும் ஒரே அளவில் குறைவதில்லை. அந்த வேறுபாட்டைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும். பெயரிலேயே ஈரத்தை ஏற்றிவிட்டால் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுவார்கள். ‘எட்டும் ஹைட்ராக்சில்’ போதும். படிகச் செல்லுலோசின் உட்புறத்தில் இருப்பவை எட்டாதவை. அகச்சிவப்பு நிறமாலையிலும் இது தெரியும்: எட்டியவற்றின் பட்டை 3400 அலையெண்ணை ஒட்டிய இடத்திலிருந்து 2500 பக்கம் இறங்கும், எட்டாதவை நின்ற இடத்திலேயே நிற்கும்.

தமிழாசிரியர், மதுரை:
அம்மா, ‘எட்டா ஹைட்ராக்சில்’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக நன்றாகவே நிற்கிறது. அதன் இணையைத் தொகையாக்கிப் பாருங்கள்: ‘எட்டு ஹைட்ராக்சில்’! எண்ணாகிவிட்டதே. தொகையாகாத சொல்லிலிருந்து அடுத்த சொல் எப்படிக் கிளைக்கும்?

வாசகர், யாழ்ப்பாணம்:
எங்கள் பாடநூல்களில் ஐசோடோப்பு ‘சமதானி’. ‘ஓரிடத்தான்’ எழுதினாலும் விளங்கும். ஒரே நூலில் இரண்டும் கலக்க வேண்டாம். என் வாக்கு ‘எட்டும்’ என்பதற்கு.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
நன்றி. எட்டும் ஹைட்ராக்சில், ஓரிடத்தான் பரிமாற்றம், வெப்பப் பதமிட்ட மரம் என்றே அனுப்புகிறேன்.

தமிழாசிரியர், மதுரை:
அனுப்புங்கள். ஆயினும் என் மறுப்பு நிற்கிறது. ஈரம்தான் தடையென்றால் ‘ஆவிதோய்’ என்று மாற்றலாமே? அளப்பதும் ஆவியால்தானே. அம்மையார் இதற்கு விடை தர வேண்டும்.