சிரிஞ்ச் சோதனையில் பாயில் விதி வரவில்லை, உதவுங்கள்

பிளஸ் ஒன் மாணவர்களுக்குப் பாயில் விதியை (வெப்பநிலை மாறாதபோது, அடைபட்ட காற்றின் அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கினால் வரும் தொகை மாறாது) செய்து காட்ட, 20 மி.லி. சிரிஞ்சின் முனையில் ரப்பர் குழாய் வழியாக அழுத்தமானி மாட்டியிருக்கிறேன். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும் வகை. 20 மி.லி.யில் 101 கிலோபாஸ்கல். 10 மி.லி.க்கு அழுத்தினால் 202 வரவேண்டும், 185தான் வருகிறது. 5 மி.லி.யில் 404க்குப் பதில் 317.

கசிவோ என்று தண்ணீரில் முக்கிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட இல்லை. பிஸ்டனை விட்டால் முள் 101க்கே திரும்புகிறது. காற்று சூடாகிறதோ என்று மெதுவாக அழுத்தி, கொஞ்சம் ஆறவிட்டும் பார்த்தாயிற்று. (சூடானால் அழுத்தம் கூடத்தானே செய்யும்?) மானியை மாற்றியும் அதே கதை.

இப்போது சந்தேகம் குழாய்க்குள் இருக்கும் காற்றின் மேல். சிரிஞ்சின் எல்லா அளவிலும் 2 மி.லி. கூட்டினால் அழுத்தம், பருமன் பெருக்கல் தொகை 2220ஐ ஒட்டியே வருகிறது. குழாயும் மானியும் பிடிக்கும் அந்தப் பருமனை ஊகிக்காமல் நேரடியாக அளப்பது எப்படி?