ஆபீஸைப் புதுப்பித்த பிறகு உங்களுக்கு என்ன நடந்தது?

தெம்பனிஸ் வாசி:
சிங்கப்பூரில், ராஃபிள்ஸ் பிளேஸில் வேலை. போன வருடம் எங்கள் தளத்தை இடித்துப் புதுப்பித்தார்கள். யாருக்கும் சொந்த மேசை கிடையாது, மாலையில் துடைத்துவைத்த மாதிரி விட்டுப் போக வேண்டும். ஹாட் டெஸ்க் கதை உங்களுக்குத் தெரியாததா? ஒரு நாள் அவசரமாகக் கிளம்பியதில் என் பிள்ளையாரை மேசையிலேயே விட்டுவிட்டேன். பதினொரு வருடம் என் கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்தவர், கட்டைவிரல் அளவுதான். மறுநாள் வரவேற்பில் கேட்பாரற்ற பொருள்களின் தட்டில் கிடந்தார். ஒரு பக்கம் சார்ஜர் வயர், மறுபக்கம் யாருடைய சாப்பாட்டு டப்பா மூடியோ. வயிற்றில் 17 என்று ஸ்டிக்கர். கையெழுத்துப் போட்டு வாங்கச் சொன்னார்கள். படிவத்தில் 'பொருளின் விவரம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவோடு நின்றேன். அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

கோப்பி ஓ கோசோங்:
வருத்தம்தான் அண்ணே. ஆனால் ஹாட் டெஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். வாரத்தில் மூன்று நாள் வருகிறவருக்கு எதற்குச் சொந்த மேசை? நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டால் முதலாளி முறையாகப் பரிசீலிக்க வேண்டும் என்று 2024 டிசம்பர் 1 முதல் அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறையே நடப்பில் இருக்கிறது. காலி நாற்காலிக்கு யார் வாடகை கட்டுவார்கள்?

என் பிரச்சினை சத்தம். மேசைகளுக்கு நடுவே இருந்த தடுப்பையெல்லாம் எடுத்தால் கலந்து பேசுவீர்கள் என்றார்கள். எடுத்த வாரமே எல்லார் காதிலும் ஹெட்ஃபோன். ஒரு நாள் எனக்குப் பின்னால் இருந்தவர் தன் அப்பாவின் ஸ்கேன் முடிவை போனில் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று போன் பூத்திலும் ஆள், எழுந்து போக இடமில்லை. அவர் குரல் உடைகிறது, நாங்கள் எட்டுப் பேரும் திரையைப் பார்த்தபடி கேட்காத மாதிரி தட்டச்சு செய்கிறோம். பெர்ன்ஸ்டீன், டர்பன் என்ற இருவர் இப்படி மாறிய இரண்டு நிறுவனங்களில் ஊழியர்களுக்குக் கருவி மாட்டி அளந்து 2018இல் வெளியிட்டார்கள். நேருக்கு நேர் பேச்சு சுமார் 70 விழுக்காடு குறைந்து, மின்னஞ்சல் கூடியதாம். அதை எங்கள் மேலாளருக்கு அனுப்பிவைத்தேன். மின்னஞ்சலில்தான்.

யீஷூன் அக்கா:
உங்களுக்கு பூத்தாவது இருக்கிறது தம்பி. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது புதுத் தளத்தில் 'நலவாழ்வு அறை' என்று அழகான பலகை. கதவைத் திறந்தால் கிறிஸ்துமஸ் மரம், சீனப் புத்தாண்டு விளக்குகள், அட்டைப்பெட்டிகள். மரத்தை நகர்த்திவிட்டு உட்கார்ந்துதான் பால் எடுத்தேன். தாழ்ப்பாளும் கிடையாது, ஒரு காலை நீட்டிக் கதவை அடைத்துக்கொண்டேன். அப்போது பார்த்து ஒருவர் விளக்கு எடுக்க வந்து தட்டுகிறார்!

பழைய டெக்னீஷியன்:
குளிரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இருபது வருடம் ஏர்கான் வேலை பார்த்தவன். ஒரு ஆபீஸில் சுவரில் இருந்த, குளிரைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் பின்னால் வயரே இல்லை. பக்கத்து மேசை அம்மா மூன்று வருடமாகத் தினமும் அதை 25க்கு ஏற்றிவந்தாராம். "ஏற்றினால் கொஞ்சம் இதமாகத்தானே இருக்கும்" என்றார். பேசாமல் மூடிவிட்டேன்.

தேசிய சுற்றுப்புற வாரியமும் 25 பாகைதான் சொல்கிறது. அப்புறம் ஏன் நடுங்குகிறோம்? நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், ஈரத்தைப் பிழிய காற்றை நன்றாகக் குளிர்விக்க வேண்டும். ஆள் குறைவான நாளில் அந்தக் குளிர் அப்படியே தலையில் இறங்கும். அறையின் சூட்டை அளக்கும் சென்சார் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மேற்கு வெயில் விழும் கண்ணாடி ஓரத்திலோ போட்டோகாப்பி மெஷினுக்கு மேலேயோ இருந்தால், அது 'சூடு, சூடு' என்று சொல்லிக்கொண்டே இருக்கும், நடுவில் இருப்பவர் ஸ்வெட்டர் தேடுவார். புதுப்பிக்கிறவர்கள் சுவரை நகர்த்துவார்கள், சென்சாரை மறந்துவிடுவார்கள். காற்று வரும் துளையில் அட்டை ஒட்டாதீர்கள், அடைபட்ட காற்று பக்கத்து மேசைக்காரர் தலையில்தான் போய் விழும். விசிறி வைக்கச் சொல்லுங்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019இல் திறந்த எஸ்டிஇ4 கட்டடத்தைப் போய்ப் பாருங்கள். காற்றை அவ்வளவு குளிராக்காமல் கூரை விசிறியைச் சேர்த்திருக்கிறார்கள்.

கோப்பி ஓ கோசோங்:
விசிறி போட்டால் மேசையில் இருக்கும் பேப்பர் பறக்காதா?

பழைய டெக்னீஷியன்:
உங்களுக்குத்தான் மேசையே இல்லையே.

யீஷூன் அக்கா:
ஏர்கான் பாடம் போதும். தெம்பனிஸ் தம்பி, படிவத்தில் கடைசியில் என்னதான் எழுதினீர்கள்?

தெம்பனிஸ் வாசி:
'பித்தளைப் பொம்மை, 1' என்று எழுதினேன் அக்கா.