மறுமொழி: ‘ஸ்டாக் கார்’ – தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்காவின் டேடோனா 500 கார் பந்தய வரலாற்றைச் சிறுவர் இதழ் ஒன்றுக்கு மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். ‘ஸ்டாக் கார்’ என்ற இடத்தில் நிற்கிறேன். கைக்கு வந்த வரைவில் ‘பங்குக் கார்’ என்று இருக்கிறது. பங்குச்சந்தை நினைப்பில் போட்டிருக்கிறார்கள். இங்கே ஸ்டாக் என்றால், ஊரார் வாங்குவதற்காகக் கடையில் நிற்கும் அதே வகை வண்டி. 1959 பிப்ரவரி 22 அன்று நடந்த முதல் பந்தயத்தில் லீ பெட்டி ஓட்டிய ஓல்ட்ஸ்மொபைலும் ஜானி போஷாம்ப் ஓட்டிய ஃபோர்டு தண்டர்பேர்டும் அப்படி விற்ற வகைகள்தாம். இருவரும் ஒன்றாகக் கோட்டைத் தாண்ட, முதலில் போஷாம்ப் என்று அறிவித்து, படங்களைப் பார்த்துப் பார்த்து மூன்றாம் நாள் பெட்டிக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். ‘விற்பனைக் கார்’ என்று போடட்டுமா?

– மலர்

---

மலர்,

‘விற்பனைக் கார்’ என்றால் செகண்ட் ஹேண்ட் வண்டி விற்கிறார்கள் என்றுதான் படிப்பார்கள். அதைவிட, ‘கார்’ எதற்கு? நமக்குக் கார் என்றால் மேகம், கருமை, மழைப்பருவம், ஒரு நெல். வண்டிக்குச் சொல்லா இல்லை? குறள் 475-இல் ‘சாகாடு’ இருக்கிறது. இயல் + சாகாடு = இயற்சாகாடு, அதாவது இயல்பான வண்டி. புணர்ச்சி சுத்தம், பொருளும் சுத்தம். ‘கால்’ என்றால் சக்கரம் என்பதையும் நினைவில் வையுங்கள். ‘கால்வல் நெடுந்தேர்’ என்கிறாரே வள்ளுவர். அந்தக் கால்தான் கடல் கடந்து கார் ஆயிற்று என்பது என் நெடுநாள் கருத்து.

– தென்னவன்

---

ஐயா, வணக்கம். ஆங்கிலக் ‘கார்’ லத்தீன் வழியாகக் கெல்டிய மொழியிலிருந்து வந்தது. கால் அங்கே போன தடம் ஏதும் இல்லை.

என் கவலை வேறு. ‘ஸ்டாக்’ என்பதில் விற்பனையைவிட ‘கை வைக்காதது’ என்பதுதான் முக்கியம். இந்தப் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு 1949-இல் தொடங்கிய தொடரின் பெயரே ‘ஸ்டிரிக்ட்லி ஸ்டாக்’ (கண்டிப்பாக ஸ்டாக்). சார்லட்டில் நடந்த அதன் முதல் பந்தயத்தில் க்ளென் டனவே முதலாவதாக வந்தார். ஃபோர்டின் பின் ஸ்பிரிங்கில் வேலை செய்திருந்ததால் தகுதி இழந்தார். வெற்றி லிங்கன் ஓட்டிய ஜிம் ரோப்பருக்குப் போனது. அதனால் ‘மாற்றாக் கார்’ என்பேன்.

– கோபி

---

தம்பி கோபி, இலக்கணம் சரி. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வலி மிகத்தான் வேண்டும். ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் காதில் ‘மாற்றுக் கார்’ என்றே விழும், பொருள் தலைகீழாகிவிடும். வகுப்பில் இதை வைத்துக்கொண்டு நான் படாத பாடு படுவேன்.

மலர் சொன்னதே எனக்குப் பிடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஜெயித்த வண்டி திங்கட்கிழமை விற்கும் என்பது கார் கம்பெனிகளின் நம்பிக்கை. விற்பனை அந்தப் பந்தயத்தின் உயிரிலேயே இருந்தது.

– செல்வி

---

அக்கா, இருந்தது, உண்மை. இன்று? 1970-இல் பீட் ஹாமில்டன் டேடோனாவில் ஜெயித்த பிளிமத் சூப்பர்பேர்டுக்குக் கூர்மூக்கும் உயரமான வால்சிறகும் உண்டு. பந்தயத்துக்காக வடிவமைத்துவிட்டு, கடையில் விற்கும் வகைதான் ஓடலாம் என்ற விதிக்காகவே ஆயிரத்துக்கும் மேல் செய்து கடையில் வைத்தார்கள். 2022-இல் வந்த நாஸ்காரின் புது வண்டியோ முழுக்கப் பந்தயத்துக்கென்றே கட்டியது. கடையில் நிற்பதோடு சாயல் மட்டும்தான் ஒற்றுமை. ‘விற்பனைக் கார்’ என்று எழுதினால் பாதி வரலாற்றுக்குத்தான் பொருந்தும். ‘மாற்றா’வுக்கும் இதே இடி என்பது புரிகிறது. அப்போ ‘ஸ்டாக் கார்’ என்றே விட்டுவிடலாமே.

– கோபி

---

பொருள் மாறினால் பெயர் மாற வேண்டுமா? எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் சொல்கிறோம், யாரும் எள்ளைத் தேடுவதில்லை. ஆங்கிலத்திலும் ‘ஸ்டாக்’ அப்படித்தானே நிற்கிறது? தமிழ்ச்சொல்லுக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?

– செல்வி

---

எண்ணெய் எடுத்துக்காட்டை முழு மனதோடு ஏற்கிறேன். அதே நியாயம் சாகாட்டுக்கும் உண்டு. அன்று அந்தக் குறளில் மயிற்பீலி ஏற்றியது, இன்று எஞ்சின் ஏற்றட்டும்.

– தென்னவன்

---

எல்லோருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தால் ‘விற்பனைக் கார்’ பக்கம்தான் ஆள் அதிகம், யாருக்கும் முழுத் திருப்தி இல்லை என்றாலும். முதல் இடத்தில் ‘ஸ்டாக் கார் எனப்படும் விற்பனைவகைக் கார்’ என்று எழுதி, அப்புறம் ‘விற்பனைவகைக் கார்’ என்றே தொடர்கிறேன். ‘வகை’ சேர்ந்ததால் செகண்ட் ஹேண்ட் குழப்பம் வராது. 2022 வண்டிக்கு ஒரு வரி விளக்கம் தனியே தருகிறேன்.

அடுத்து ‘டிராஃப்டிங்’ வருகிறது: முன்வண்டியின் பின்னால் ஒட்டி ஓடிக் காற்றெதிர்ப்பைக் குறைப்பது. 1960-இல் ஜூனியர் ஜான்சன் அதை வைத்துத்தான் டேடோனாவில் ஜெயித்தார். ‘நிழலோட்டம்’ எப்படி?

– மலர்

---

‘நிழலோட்டம்’ வேண்டாம், அங்கே நிழலுக்கு வேலை இல்லை. ‘காற்றொதுக்கு’ பாருங்கள். ‘வகை’ சேர்த்ததை ஏற்கவில்லை. என் வாக்கு ‘ஸ்டாக் கார்’.

– கோபி

---

‘வளி’ இருக்கக் காற்று ஏன்? நாளை விரிவாக எழுதுகிறேன். இயற்சாகாட்டைக் கலைச்சொல் பட்டியலில் மாற்றுச்சொல்லாகவாவது சேர்த்துவிடுங்கள்.

– தென்னவன்