மேனுவல் முறையில் மீட்டரை எவ்வளவு நம்புவது? வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். இரண்டு மாதங்களாகக் கேமராவின் ஆட்டோ முறையைத் தொடாமல், லென்ஸின் துளையளவு (எஃப் எண்), ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) மூன்றையும் நானே அமைத்துப் படமெடுக்கப் பழகி வருகிறேன். இவற்றுக்கிடையே உள்ள கணக்கு ஓரளவு பிடிபட்டுவிட்டது: எஃப் 4இலிருந்து எஃப் 5.6க்குப் போனால் ஒளி பாதியாகும். அதை ஈடுகட்ட ஷட்டரை 1/250 நொடியிலிருந்து 1/125க்குக் கொண்டுவரலாம், அல்லது ஐ.எஸ்.ஓ.வை இரட்டிப்பாக்கலாம்.

தடுமாற்றமெல்லாம் ஒளியை அளந்து காட்டும் மீட்டரில்தான். நேற்று மாலை ஜன்னலோரம் அமர்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த பாட்டியை எஃப் 2.8, 1/125, ஐ.எஸ்.ஓ. 400 என்று வைத்து எடுத்தேன். மீட்டரின் குறி பூஜ்யத்தில், அதாவது ஒளி சரியாக இருப்பதாகக் காட்டி, நின்றது. ஆனாலும் ஜன்னலின் வெள்ளைத் திரைச்சீலை சாம்பல் பூத்ததுபோல் மங்கி, முகமும் விரல்களும் இருளில் ஆழ்ந்துவிட்டன. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே மீட்டர் அளக்கிறது என்று படித்திருப்பதால், பிரகாசமான திரைதான் அதை ஏமாற்றியிருக்க வேண்டும் என ஊகிக்கிறேன்.

இத்தகைய ஒளியில் ஸ்பாட் மீட்டரிங்கை (சிறு பகுதியின் ஒளியை மட்டும் அளக்கும் முறை) முகத்தில் வைத்து அளப்பது போதுமா, அல்லது தோலின் நிறத்துக்கேற்ப மேலும் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமா? ஹிஸ்டோகிராமில் (படத்தின் இருள், வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) திரைப் பகுதி மிகை வெளிச்சத்தைக் குறிக்கும் வலது ஓரத்தை முட்டினால், அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாமா? எஃப் 2.8இல் ஊசிமுனை துல்லியமாகவும் பாட்டியின் கண்கள் மங்கலாகவும் விழுந்திருப்பதால், துளையை எதுவரை சுருக்கலாம் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும். ரா கோப்பு (கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பு) என்னிடம் உள்ளது; கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.