ஸ்டார் வார்ஸை எந்த வரிசையில் பார்த்தீர்கள், காட்டினீர்கள்? என்ன நடந்தது?

பின்வரிசை:
அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான். அவனுக்கு ஸ்டார் வார்ஸ் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை, ஆனால் அத்தான் முந்திக்கொண்டார். முதலில் வெளியானது 4, 5, 6தான், முன்கதையான 1, 2, 3 பிறகுதான் வந்தன, ஆனால் ஆப்பில் எபிசோட் 1, 2, 3 என்று நம்பர் போட்டிருக்கிறதே என்று அதே வரிசையில் நாலு படத்தை ஊரிலேயே போட்டு முடித்துவிட்டார். சரி, ஐந்தாவதையாவது சேர்ந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். மேகத்துக்கு நடுவே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மேடை, ஹீரோ லூக்கின் கை போயாயிற்று, காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, வில்லன் வேடர் கையை நீட்டி "நான்தான் உன் அப்பா" என்கிறார். நான் டிவியைப் பார்க்கவே இல்லை, பையன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் முறுக்கைக் கடித்துக்கொண்டே "இவனுக்கு இன்னுமா தெரியாது?" என்றான்.

எபிசோட் 3 பார்த்தவனுக்கு முன்பே தெரிந்துபோகிற அந்த ஒரு வரியைக் காப்பாற்ற 1980இல் என்ன பாடுபட்டிருக்கிறார்கள். வேடர் உடைக்குள் நின்ற டேவிட் பிரவுஸுக்கே அதைச் சொல்லவில்லை, செட்டில் அவர் பேசியது ஓபி-வான்தான் (லூக்கின் குரு) உன் அப்பாவைக் கொன்றார் என்கிற டம்மி வசனம். நிஜ வசனத்தைப் பிறகு ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் குரல் கொடுக்கும்போதுதான் சேர்த்தார்கள். அத்தானிடம் இதைச் சொன்னால் "கதை புரிஞ்சுதுல்ல, அப்புறம் என்ன" என்கிறார்.

இடைவேளை:
வெளியான வரிசைதான் சரி, இதில் பேச என்ன இருக்கிறது என்று நானும் 77, 80, 83 என்று தொடங்கியவன்தான். முதல் படத்தில் என் மனைவி பாதி தூக்கம். இரண்டாவதில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்றாவதன் கடைசிக் காட்சி, குட்டிக் கரடி மாதிரி இருக்கும் ஈவாக்குகளின் ஆட்டம் பாட்டம், லூக் திரும்பிப் பார்க்கிறான், அவன் குருக்கள் ஓபி-வானும் யோடாவும் ஆவியாக நிற்கிறார்கள், பக்கத்தில் நீள முடியோடு ஓர் இளைஞன். "இது யாரு புதுசா?" என்றாள். அவன் அப்பா என்றேன். "அப்பாவைத்தான் இப்பதானே முகமூடியைக் கழட்டிக் காட்டினாங்க, வழுக்கைத் தலை, வயசானவர். அவர் எங்கே போனார்?"

83இல் அந்த இடத்தில் நின்றது செபாஸ்டியன் ஷா. 2004 டிவிடிக்காக அவரை எடுத்துவிட்டு, பின்னால் வந்த படங்களில் அனகினாக, அதாவது வேடர் ஆவதற்கு முந்தைய அப்பாவாக நடித்த ஹேடன் கிறிஸ்டென்சனை ஒட்டினார்கள். பின்வரிசை சொல்லும் அதே ஐந்தாவது படத்திலும் கை வைத்திருக்கிறார்கள். வேடரின் எஜமானரான பேரரசரின் ஹாலோகிராம் காட்சியைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார்கள், அதில் அவர் இந்தப் பையன் அனகின் ஸ்கைவாக்கரின் வாரிசு என்று வேடரிடமே சொல்கிறார். கவனமாகக் கேட்பவனுக்கு அங்கேயே ரகசியம் பாதி உடைந்துவிடும். ஆக, வெளியான வரிசை என்று சொல்பவர்கள் எந்த வெளியீடு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றைக்குப் படத்தை நிறுத்திவிட்டு இவ்வளவையும் விளக்கினேன். விளக்கி முடித்தபோது அவள் பால் காய்ச்சப் போய்விட்டாள்.

ஹைப்பர்டிரைவ்:
இரண்டு பேருக்கும் ஒரே பதில், மஷெட்டி ஆர்டர். 4, 5, 2, 3, 6. அமெரிக்க புரோகிராமர் ஒருவர் 2011இல் தன் வலைப்பதிவில் எழுதியது, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. லாஜிக் என்னவென்றால், 5இன் முடிவில் அப்பா யார் என்கிற குண்டு விழுகிறது. உடனே 6க்கு ஓடாமல், அந்த அப்பா எப்படி அப்படி ஆனார் என்று 2, 3இல் பின்னால் போய்ப் பார்க்கிறோம், அதாவது நடுவில் ஒரு நீண்ட பிளாஷ்பேக். தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அப்புறம் 6இன் தொடக்கத்தில் லூக் கறுப்பு உடையில் கடத்தல் தலைவன் ஜாப்பாவின் கோட்டைக்குள் நுழைந்து, கையைத் தூக்கியே காவலாளிகளின் கழுத்தை நெரிக்கிறான் இல்லையா, சும்மா பார்த்தால் அது ஹீரோ என்ட்ரி. அனகின் தீமையின் பக்கம் விழுந்ததை முந்தின நாள்தான் பார்த்தவனுக்கு, ஐயையோ இவனும் அந்த வழியில் போகிறானா என்று பயம் வரும்.

ஒன்றாம் எபிசோட் வேண்டவே வேண்டாம். வரி, வர்த்தகத் தடை, செனட் கூட்டம், கோமாளி ஜார் ஜார். மிடிகுளோரியன் என்று, ஜெடாய் வீரர்களின் மாயசக்தியான ஃபோர்ஸுக்கு ரத்தப் பரிசோதனை வைத்தது அதில்தான். பாட்ரேஸ் பந்தயத்தை மட்டும் யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம். தனிக்கதைகளான ரோக் ஒன், சோலோ இரண்டும் 6 முடிந்த பிறகு, 7, 8, 9 தனிக் கணக்கு, விருப்பம் இருந்தால் மட்டும். சப்டைட்டில் கட்டாயம். பார்ப்பவர் கையில் போன் இருக்கக் கூடாது, வேடர் என்று தேடினாலே எல்லாம் வந்துவிடும். ஒரே நாளில் இரண்டு படத்துக்கு மேல் காட்டாதீர்கள். முடிந்தால் 5க்கும் 2க்கும் நடுவில் ஒரு வாரம் விடுங்கள், ஊறட்டும்.

நான் என் தம்பிக்கு இப்படித்தான் காட்டினேன். நல்லா இருக்கு என்றான்.

மூன்றாம் டிரெய்லர்:
ஒன்றாம் எபிசோட் வேண்டாம் என்பவர்கள் கடைசிச் சண்டையைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள்? சிவப்பு லேசர் சுவர் நடுவில் விழுகிறது. அந்தப் பக்கம் சித் வில்லன் மால் கூண்டுப் புலி மாதிரி இங்கும் அங்கும் நடக்கிறான். இந்தப் பக்கம் ஜெடாய் குரு குவை-கான் மண்டியிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுகிறார். ஜெடாய் என்றால் என்ன, சித் என்றால் என்ன என்று ஒரு வசனம்கூட இல்லாமல் சொல்லிவிட்டார்கள். இதை வெட்டி எறியத்தான் மஷெட்டியா?

என் கதை வேறு. மகள் படங்களுக்கு முன்பே குளோன் வார்ஸ் கார்ட்டூன் தொடர் பார்க்க ஆரம்பித்துவிட்டாள், 7 சீசன், 133 எபிசோட். அவளுக்கு ஹீரோ லூக்கும் இல்லை, அனகினும் இல்லை, குளோன் வீரர்கள்தான். ஒவ்வொருவன் ஹெல்மெட் பெயின்டும் அத்துப்படி. கடைசி சீசனுக்கு முன்னால் எபிசோட் 3ஐப் போட்டோம். ஊட்டாபாவ் கிரகத்தில் குளோன் கமாண்டர் கோடி, ஓபி-வான் தவறவிட்ட லைட்சேபரை, அதாவது ஒளிவாளை,த் திருப்பிக் கொடுக்கிறான், இரண்டு பேரும் ஜோக் அடித்துக்கொள்கிறார்கள். அடுத்த நிமிடமே ஜெடாய்களைக் கொல்லச் சொல்லும் ஆர்டர் 66 வருகிறது, அதே கோடி அவரைச் சுடச் சொல்கிறான். தியேட்டரில் 2005இல் பார்த்தபோது எனக்குக் கோடி பெயர்கூட மனதில் நிற்கவில்லை. இவள் எழுந்து போய் ஸ்விட்சை அணைத்துவிட்டாள். "கோடி செய்ய மாட்டான், அவன் தலைக்குள்ளே சிப் இருக்கு" என்று ஒரே அழுகை. குளோன்களை ஆர்டருக்குக் கட்டுப்பட வைக்கும் அந்தச் சிப் விஷயம் படத்தில் கிடையாது, தொடரில்தான் வரும். அதைத் தெரிந்துகொண்டு பார்ப்பதா, தெரியாமல் பார்ப்பதா என்று இன்னும் எனக்கு முடிவாகவில்லை.

பழைய டிக்கெட்:
ரோக் ஒன்னைக் கடைசியில் வைக்கச் சொல்லும் ஹைப்பர்டிரைவை ஆதரிக்கிறேன், காரணம்தான் வேறு. அது முடியும் இடத்தில்தானே 77 படம் ஆரம்பிக்கிறது என்று இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டேன். ரோக் ஒன் கடைசியில் இருட்டு வராந்தா, மூச்சு சத்தம் மட்டும், வேடரின் சிவப்பு ஒளிவாள் எரிகிறது, கதவு இடுக்கில் திருடிய பிளானை நீட்டிக்கொண்டு வீரர்கள் கதறுகிறார்கள், என் அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அதே சூட்டில் அடுத்த படம். வேடருக்கும் ஓபி-வானுக்கும் சண்டை வந்தது. ஓபி-வானாக நடித்த அலெக் கின்னஸுக்கு அப்போதே அறுபதைத் தாண்டிய வயது, இரண்டு பேரும் மெதுவாக, பத்திரமாகச் சுற்றி வருகிறார்கள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏன்டா, கொஞ்ச நேரம் முன்னாடி ஆளைத் தூக்கிக் கூரையில அடிச்சவன், இப்ப குச்சியை வெச்சுத் தட்டிக்கிட்டு நிக்கிறான்?" என்றார். ஒன்றரை மணி நேர இடைவெளியில் வேடருக்கு வாதம் வந்துவிட்டது என்று வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். 2016 படத்தை 1977க்கு முன்னால் வைத்தால் பழையதுதான் அடி வாங்கும்.

எல் வரிசை 14:
எல்லோரும் யாருக்கோ காட்டியதைச் சொல்கிறீர்கள். எனக்கு யாரும் எதுவும் காட்டவில்லை. 2015இல் ஆபீஸ் நண்பர்கள் டிக்கெட் மிச்சம் இருக்கிறது என்று இழுத்துப் போனார்கள், ஏழாவது படம், அதற்கு முன் ஒன்றும் பார்த்ததில்லை. கப்பல் கதவு திறக்கிறது, ஒரு கிழவரும் மயிரடர்ந்த பிராணியும் நிற்கிறார்கள். "சூவி, வீட்டுக்கு வந்துட்டோம்" என்கிறார். தியேட்டரில் காது கிழிகிறது, பக்கத்து சீட்டுக்காரர் கண்ணைத் துடைக்கிறார். எனக்கு அந்தக் கிழவர் யாரென்றே தெரியாது. படம் முடிவதற்குள் அவரைப் பெற்ற மகனே கொன்றும்விட்டான்.

அப்புறம்தான் வீட்டில் 4, 5 பார்த்தேன். ஐந்தில் ஹானை, அதாவது அந்தக் கிழவரின் இளவயது ஆளை, கார்பனைட்டில் உறைய வைக்கும் இடம். அவன் காதலி லியா காதலிக்கிறேன் என்கிறாள், அவன் தெரியும் என்கிறான், கீழே இறங்குகிறான். அவன் பிழைப்பானா என்று 1980இல் பார்த்தவர்கள் மூன்று வருடம் தவித்திருப்பார்கள். நான் தவிக்கவில்லை. பிழைப்பான், அவர்களுக்கு ஒரு மகன் பிறப்பான், அவன் என்ன செய்வான் என்பதுவரை தெரியும், அவள் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

7, 4, 5. எந்தப் பட்டியலிலும் இது இல்லை. ஹைப்பர்டிரைவ், நான் இனி 6 பார்ப்பதற்குள் 2, 3 பார்க்க வேண்டும் என்று எழுத ஆரம்பித்திருப்பீர்கள். 6ஐப் பார்த்தாயிற்று, விட்டுவிடுங்கள்.