மறுமடல்: மிதந்து செல்லும் பனிப்பாளத்தில் ஆய்வு முகாம் – ‘போக்குமுகாம்’ எனலாமா?

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குத் துருவ ஆய்வு பற்றிச் சுவர்ப்படம் தயாரிக்கும் கேப்டவுன் தம்பி, மிதந்து செல்லும் பனிப்பாளத்தின் மேல் போடும் ஆய்வு முகாமுக்கு ஒரே ஒரு சொல் கேட்டு நான்கு நாளாகிறது. ‘மிதவை முகாம்’, ‘நகரும் முகாம்’, ‘அலையும் பாசறை’ என்று மூன்று வந்திருக்கின்றன. மூன்றையும் வாக்கியத்தில் வைத்து எழுதிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

1937 மே 21 அன்று வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஒரு பனிப்பாளத்தின் மேல் சோவியத் விமானம் இறங்கியது. பாப்பானின், கிரெங்கெல், ஷிர்ஷோவ், ஃபியோதரவ் என்ற நான்கு பேரும் ஒரு நாயும் அங்கே தங்கினார்கள். காலுக்குக் கீழே ஏறக்குறைய 3 மீட்டர் பனி. அதற்கும் கீழே 4 கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர். பனியில் துளை போட்டுக் கம்பியை இறக்கி ஆழம் பார்த்தார்கள். புவியீர்ப்பையும் காந்தப்புலத்தையும் அளந்தார்கள். 1938 பிப்ரவரி 19 அன்று டைமிர், முர்மான் என்ற கப்பல்கள் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டபோது 274 நாள் ஆகியிருந்தது. இடம் கிரீன்லாந்தின் கிழக்குக் கரைப் பக்கம். எஞ்சினும் இல்லை, பாயும் இல்லை. பனி போன வழியில் அவர்களும் போனார்கள்.

இங்கேதான் நம் சொல்லின் முடிச்சு இருக்கிறது. அந்த நகர்ச்சி தற்செயலாக நேர்ந்ததல்ல. அதை நம்பித்தான் ஆய்வே நடக்கிறது. பனிக்கு அடியில் தண்ணீரில் ஓர் ஒலியை எழுப்புகிறார்கள். அது கடலடி மண் அடுக்குகளில் பட்டுத் திரும்பி வருவதைக் கருவிகள் பதிவு செய்கின்றன. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுப்புகிறார்கள். அதற்குள் பாளம் சில நூறு மீட்டர் தள்ளிப் போயிருக்கும். இப்படி மாதக்கணக்கில் சேர்ந்த பதிவுகளை வரிசையாக ஒட்டினால், கடலடியை வெட்டிப் பார்த்தது போல ஒரு படம் கிடைக்கிறது. 1979இல் கனடாக்காரர்கள் வடதுருவக் கடலடியில் இருக்கும் லோமனோசவ் மலைத்தொடருக்கு மேலே பாளம் கடந்து போகும் என்று கணக்குப் போட்டுத்தான் முகாம் அமைத்தார்கள். 2014–15இல் நார்வே ஆய்வாளர் கிறிஸ்டஃபர்சன் இன்னொருவரை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, காற்று மெத்தை மேல் ஓடும் ஒரு ஹோவர்கிராஃப்டோடு அதே பக்கம் ஏறக்குறைய ஓர் ஆண்டு பனியோடு போனார். எந்தப் பாளத்தில் ஏறுவது என்பது மட்டும்தான் அவர்கள் கையில். அப்புறம் கோடு கிழிப்பது பனிதான்.

இதை வைத்துச் சொற்களைப் பாருங்கள். ‘மிதவை’ மிதப்பதைச் சொல்கிறது, போவதைச் சொல்லவில்லை. டர்பன் துறைமுகத்தில் சங்கிலியில் கட்டிக் கிடப்பதும் மிதவைதான். ‘நகரும் முகாம்’ என்றால் லாரியில் வரும் கண் மருத்துவ முகாம்தான் நினைவுக்கு வருகிறது. ‘அலையும்’ என்பதில் திக்குத் தெரியாமை இருக்கிறது, அதை நான் ஏற்கமாட்டேன். ‘ஒழுகு’ என்று ஒரு யோசனை வந்தது. நல்ல பழைய வினை, ஆனால் இன்றைக்கு ‘ஒழுகும் கூடாரம்’ என்றால் கூரையில் ஓட்டை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா ‘புணை’யை நினைவுபடுத்தினார். ‘நீர்வழிப் படூஉம் புணை’ என்று புறநானூற்றில் வருவது, ஆறு கொண்டுபோகும் வழியில் போகிற தெப்பம். பொருள் அப்படியே இதுதான், எனக்கும் மனசு அங்கேதான் போனது. ஆனால் புணை மனிதர் கட்டுவது, பாளம் கடல் தானே உறைந்து ஆனது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புணை என்றால் என்ன என்று முதலில் விளக்கி, அப்புறம் முகாமுக்கு வரவேண்டும். அவ்வளவு சுற்று வேண்டாம், ஐயா.

எனக்குக் கிடைத்த சொல் தாத்தாவுடையது. டர்பன் கடற்கரையில் கரைவலை இழுத்தவர் அவர். சாளை மீன் வரும் ஜூன், ஜூலை மாதங்களில் என்னையும் கூட்டிப்போவார். வலையை இறக்குவதற்கு முன் ஒரு மரத்துண்டைத் தண்ணீரில் எறிவார். நான் அதைப் பிடிக்க ஓடுவேன். “விடு, அதன் போக்குல போகட்டும்” என்பார். இடுப்பளவு தண்ணீரில் அசையாமல் நின்று, கட்டை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பார். அதை வைத்துத்தான் படகுக்கு வழி சொல்வார். அந்தக் கட்டையின் மேல் நான்கு பேர் கூடாரம் போட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் இந்த முகாம்.

ஆகவே ‘போக்குமுகாம்’ என்று முன்மொழிகிறேன்.

இந்தச் சொல் குடும்பத்தோடு வருகிறது. பாளம் செல்வது பாளப்போக்கு, அதன் வேகம் போக்குவேகம், வரைபடத்தில் விழும் கோணல்மாணல் கோடு போக்குத்தடம். காற்று வீசும் திசைக்கும் பனி போகும் திசைக்கும் இடையில் உள்ள விலகல் போக்குக்கோணம். இந்தக் கடைசிச் சொல் அவசியம் வேண்டும். 1893இல் ஃப்ராம் கப்பலைப் பனியில் உறையவிட்டு அதோடு போன நார்வே ஆய்வாளர் நான்சென், பனி காற்றின் திசையிலேயே போகாமல் வலப்பக்கம் 20 முதல் 40 பாகை விலகுவதைக் கவனித்தார். பூமியின் சுழற்சிதான் காரணம் என்பதை சுவீடன் கடலியலாளர் எக்மன் கணக்கிட்டுக் காட்டினார். நம் பக்கத்துத் தென்கடலில் அது இடப்பக்கம் விலகும். பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், தம்பி.

‘கடற்பனி’ என்று எழுதவேண்டாம் என்பதும் என் வேண்டுகோள். நம் வீடுகளில் பனி என்றால் விடியற்காலையில் இறங்குவது. கடற்பனி என்றால் கடல் மேல் படரும் மூடுபனி என்றுதான் வகுப்பில் புரிந்துகொள்வார்கள். ‘பனிப்பாளம்’ என்றால் கெட்டியாக, பலகை போலக் கண்ணுக்குத் தெரிகிறது.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று தெரியும். ‘போக்கு’ புள்ளியியலில் வேறு பொருளில் வருகிறது, வயிற்றுப்போக்கும் இருக்கிறது என்பீர்கள். போக்குவரத்து என்று தினமும் சொல்கிறோம், யாருக்கும் வயிறு நினைவுக்கு வருவதில்லை. ‘முகாம்’ அரபுச் சொல், பாசறையே வேண்டும் என்று அக்கா எழுதியிருந்தார். பாசறையில் போர் வாடை இருக்கிறது, அக்கா. தெர்மாமீட்டரும் கம்பிச் சுருளுமாக இருப்பவர்களுக்கு முகாமே பொருந்தும்.

தம்பி, படத்தில் தெற்குக்கும் இடம் ஒதுக்குங்கள். 1992இல் அமெரிக்கர்களும் ரஷ்யர்களும் சேர்ந்து அண்டார்க்டிகாவை ஒட்டிய வெடல் கடலில் ஒரு போக்குமுகாம் நடத்தினார்கள். 1915இல் ஷாக்கிள்டனின் எண்டியூரன்ஸ் கப்பலைப் பனி இழுத்துப்போய், நெருக்கி மூழ்கடித்த அதே கடல் அது. அந்தக் கப்பல் 2022 மார்ச்சில் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. தேடிப் போன எஸ்.ஏ. அகுல்லாஸ் 2 என்ற கப்பல் உங்கள் ஊர்த் துறைமுகத்திலிருந்துதான் புறப்பட்டது. பிள்ளைகளில் சிலர் அதை நேரிலேயே பார்த்திருப்பார்கள்.

பாளங்கள் ஒன்றோடொன்று மோதி நெருக்கி எழுப்பும் மேட்டுக்கு இன்னும் சொல் இல்லை. ‘நெருக்குமேடு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். கரைவலைக் குடும்பத்துப் பெரியவர்கள் யாராவது இருந்தால், மணல் அப்படிக் குவிவதற்கு என்ன சொல்வார்கள் என்று எழுதுங்கள்.

டர்பனிலிருந்து,
அன்புடன்.